கரடி உலவும் காட்டோரம் திரும்பிப் போகும் குடும்பங்களுக்கு

பொகவந்தலாவையில் கரடி கிடையாது. சிறுத்தை உண்டு, காட்டுப்பன்றி உண்டு, மரை உண்டு, கொழுந்து மலையில் குளவி உண்டு. கரடி மட்டும் இல்லை. இலங்கையில் கரடி வாழ்வது தாழ்நிலத்து வறண்ட காடுகளில்தான். வில்பத்து, மடு, வவுனியா வடக்கு, முல்லைத்தீவு, கிழக்கே மட்டக்களப்புப் பக்கத்துக் காடுகள், தெற்கே யால ஆகியவை அதன் இடங்கள். நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலை மலைகளுக்கு அது ஏறி வருவதில்லை. அப்படியிருக்க, இங்கே வைத்துத் தயாரிக்கும் கைநூலில் கரடிக்கு ஒரு பாடம் எதற்கு என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு.

காரணம், இதை வாசிக்கும் நீங்கள் போகப்போகிற இடம். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகும் 1983ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகும் மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் வன்னிக்குப் போய், காடு வெட்டி, கிணறு தோண்டி, குடியேறின. யுத்தம் அந்தக் குடும்பங்களை மறுபடியும் கிளப்பியது. சிலர் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். சிலர் பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து உறவுகளின் லயத்துக்கே திரும்பி வந்து, ஒரு காம்பிராவுக்குள் இரண்டு குடும்பமாக வருடக்கணக்கில் இருந்தார்கள். இப்போது காணிக்குத் திரும்பும்போது, போனவர்களும் வேறு ஆட்கள், காணியும் வேறு காணி. அன்று காடு வெட்டிய கைகளுக்கு இன்று வயது போய்விட்டது. கூட வரும் பிள்ளைகள் தேயிலை மலையில் வளர்ந்தவர்கள். வெட்டிய இடமெல்லாம் மறுபடி காடாகி நிற்கிறது.

ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இங்கே கொட்டியாகலை என்று ஒரு தோட்டம் இருக்கிறது. சிங்களத்தில் ‘கொட்டியா’ என்றால் சிறுத்தை, ‘கல’ என்றால் பாறை. கிளிநொச்சியில் இறங்கினால் கரடிப்போக்குச் சந்தி. மன்னாரில் கரடிக்குளி. மட்டக்களப்பில் கரடியனாறு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பெரிய பதவியில் இருந்த எமர்சன் டெனன்ட் என்ற அயர்லாந்துக்காரர், இந்த நாட்டு மக்கள் மிக அதிகமாகப் பயப்படும் மிருகம் கரடி என்று எழுதி வைத்திருக்கிறார். கரைச்சிப் பக்கத்தில் கடும் வரட்சிக் காலத்தில் கரடிகள் தண்ணீர் தேடிக் கிணறுகளுக்கு வந்து உள்ளே விழுந்த கதையையும் அவர் சொல்கிறார்.

சிறுத்தை தெரிந்தவருக்குக் கரடி தெரியாது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காட்டு மிருகம் புதிதல்ல என்பதுதான் இங்கே சிக்கல். விடியற்காலையில் பால் கொண்டுபோனவர், இரவில் பங்களாப் பாதையில் வந்தவர் என்று யாராவது ஒருவர் சிறுத்தையைப் பார்த்திருப்பார். பார்த்தது, அது பாதையைக் கடந்து போனது, அவ்வளவுதான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, “பெரிய மிருகமெல்லாம் நம்மளக் கண்டா தானா ஒதுங்கிப் போயிரும்” என்று நினைத்து வன்னிக் காட்டுக்குள் போனால் ஆபத்து.

சிறுத்தைக்குக் கண்ணும் காதும் கூர்மை. நீங்கள் அதைக் காண்பதற்கு வெகு நேரத்துக்கு முன்பே அது உங்களைக் கண்டுவிடும், சத்தமில்லாமல் விலகிவிடும். கரடி நேர்மாறு. அதற்கு மோப்பம் நல்ல கூர்மை; பார்வை மட்டம். தலையைப் புற்றுக்குள் விட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது சுற்றி நடப்பது அதற்குத் தெரியாது. நீங்களும் பற்றைக்குள் அதைக் காணமாட்டீர்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாமல் நெருங்கி, சில அடி தூரத்தில் திடீரென்று நேருக்கு நேர் நின்றால், கரடி ஓடுவதை விட்டு முதலில் தாக்கத்தான் பார்க்கும். சிறுத்தையும் யானையும் உலவும் காடுகளில் வாழப் பழகிய மிருகம் அது. மரத்தில் ஏறினாலும் சிறுத்தை பின்னால் ஏறி வரும் என்பதால், எதிர்த்து நின்று பயமுறுத்துவதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். மனிதனைத் தின்பதற்கு அது வருவதில்லை. மாட்டையோ ஆட்டையோ தேடியும் வருவதில்லை. பயந்துதான் தாக்குகிறது.

இது எங்கள் ஊகமல்ல. ஷ்யாமளா ரத்னாயக்கவும் அவருடைய குழுவினரும் இலங்கையின் வறண்ட வலயத்தில் மனிதரும் கரடியும் எதிர்ப்பட்ட 271 சம்பவங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். காட்டில் ஏதாவது சேகரிக்கப் போனவர்கள், கரடி இருப்பதை அறியாமல் கிட்டே போய் அதைத் திடுக்கிட வைத்ததுதான் தாக்குதல்களுக்கு முக்கிய காரணமாக அதில் தெரிந்தது. கூட்டமாகப் போனவர்களைவிடத் தனியாகப் போனவர்களுக்குக் காயம் மோசமாக இருந்தது. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரலிலிருந்து 1994 மார்ச் வரை 735 பேர் கரடியால் தாக்கப்பட்டார்கள். அவர்களில் இறந்தவர்கள் 48 பேர். மற்றவர்கள் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் கரடி நகமும் பல்லும் படுவது பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் என்பதால், எப்படித் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே இந்தப் பாடத்தில் நீங்கள் மறக்கக்கூடாதது ஒன்றுதான். கரடியைத் திடுக்கிட வைக்காதீர்கள். மீதி எல்லாம் அதிலிருந்து வருவது.

அது எங்கே, எப்போது இருக்கும்

கரடியின் பிரதான சாப்பாடு கறையானும் எறும்பும் பழமும் தேனும். மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு முன்பற்கள் அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியாகப் புற்றுக்குள் இருக்கும் கறையானை உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சும் சத்தம் பெரிது. ஆள் மூச்சு வாங்குவது போலவும், பழைய பம்பு காற்று இழுப்பது போலவும் கேட்கும். காட்டுக்குள் அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்னவென்று போய்ப் பார்க்க வேண்டாம். வந்த வழியே திரும்புங்கள். அப்போதுதான் தோண்டிய புற்று, ஈரமண் சிதறிக் கிடப்பது, மரப்பட்டையில் நீளமான நகக் கீறல், கறையான் ஓடும் பழக்கொட்டையும் கலந்த எச்சம், இவை எல்லாம் அது அந்தப் பக்கம் புழங்குகிறது என்பதற்கு அடையாளம்.

வருடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம் பாலைப்பழக் காலம். மே, ஜூன், ஜூலை மாதங்களில் வன்னியில் பாலை பழுக்கும். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, நல்ல இனிப்பு. ரோட்டோரம் வைத்து விற்றால் கைச்செலவுக்குக் காசு வரும் என்பதால் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கப் போவார்கள். கரடிக்கும் அதுதான் திருவிழா. மரத்தின் மேலேயே ஏறிக் கொப்பை ஒடித்துத் தின்னும். பாலை மரத்தின் கீழே போய் நின்று பழம் பொறுக்கத் தொடங்குமுன் தலையை நிமிர்த்தி மரத்தைப் பாருங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. வீரைப் பழக் காலத்துக்கும் இதே கவனம் வேண்டும். தேன் எடுக்கப் போகிறவர்கள் கரடியின் சாப்பாட்டுத் தட்டிலேயே கை வைக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மழையில்லாத ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுக்குள் இருக்கும் குளமும் நீர்க்குழியும் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் தண்ணீருக்கு எல்லா மிருகமும் வரும். பொழுது சாய்ந்த பிறகும் விடியுமுன்னும் கரடி நடமாட்டம் அதிகம். பகலில் அது பாறைக் குகையிலோ அடர்ந்த பற்றைக்குள்ளோ படுத்திருக்கும். பகல்தானே என்று குகைக்குள் எட்டிப் பார்ப்பதும், பற்றைக்குள் குனிந்து நுழைவதும், தூங்குகிற கரடியின் மேல் போய் விழுவதற்கு ஒப்பு.

காணிக்குள் முதல் நாள்

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த காணியில் இடிந்த சுவருக்குள்ளே கறையான் புற்று ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கும். கிணற்றடி பற்றை மூடிக் கிடக்கும். பழைய வீட்டைக் கண்டதும் மனது தாங்காது, ஓடிப்போய்ப் பார்க்கத் தோன்றும். இருந்தாலும் முதலில் இரண்டு விஷயம்.

ஒன்று மிதிவெடி. கரடியைவிட இதுதான் பெரிது. உங்கள் காணியும் அதற்குப் போகும் பாதையும் வெடிபொருள் அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சிவப்புப் பலகையில் மண்டையோட்டுப் படம் போட்டிருந்தால் அந்தப் பக்கம் கால் வைக்கவே கூடாது, பழம் இருந்தாலும் விறகு இருந்தாலும். கரடியைக் கண்டு பயந்து பாதையை விட்டு ஓடுகிறவர் எந்த மண்ணில் மிதிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. ஓடவேண்டாம் என்று இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு வன்னியில் இது இரண்டாவது காரணம்.

மற்றது, பற்றை வெட்டும் முறை. நன்றாக வெயில் வந்த பிறகு, நாலைந்து பேராகச் சேர்ந்து தொடங்குங்கள். வெட்டத் தொடங்குமுன் பத்து நிமிடம் தகரத்தில் தட்டுங்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். உள்ளே கரடியோ பன்றியோ படுத்திருந்தால் வெளியே போக அதற்கு நேரம் கிடைக்கும். நாலாபக்கமும் சூழ்ந்துகொண்டு தட்டாதீர்கள். காட்டுப் பக்கம் ஒரு வழி திறந்தே இருக்கட்டும். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி வீட்டுப் பக்கமாக வெட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டுக்கு முன்னால் கக்கூஸைக் கட்டுங்கள். எங்கள் நிறுவனத்தின் உதவித் திட்டத்திலும் மலசலகூடத்துக்கு முதலிடம் உண்டு. சுகாதாரத்துக்காக என்றுதான் படிவத்தில் எழுதியிருக்கும். விடியற்காலை இருட்டில் தனியாகப் பற்றைக்குள் போய்க் குந்தியிருப்பதைவிட ஆபத்தான வேலை கரடிக் காட்டோரத்தில் வேறில்லை. அதுவும் பெண்கள், யாரும் பார்க்காத இடம் தேடி இன்னும் உள்ளே போவார்கள். தற்காலிகக் கொட்டில் போட்டிருக்கும் மாதங்களிலேயே ஒரு குழி வெட்டிக் கிடுகு மறைப்பாவது வைத்துவிடுங்கள்.

காட்டுக்குள் போகும்போது

இந்தப் பாடத்தின் முதல் வரைவில் “காட்டுக்குள் செல்ல வேண்டாம்” என்று ஒரு வரி இருந்தது. அதை நான்தான் எழுதினேன், நானே வெட்டினேன். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது சுலபம். முதல் அறுவடை வரும்வரை விறகும் பழமும் தேனும் தடியும் காட்டிலிருந்துதான் வரப்போகிறது, மாடு காட்டில்தான் மேயப்போகிறது என்றால் போகத்தான் வேண்டும். (தேசிய பூங்காவுக்குள்ளும் ஒதுக்கப்பட்ட காட்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் போவது குற்றம், எல்லை எது என்று கிராம அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.) போகிற விதத்தைத்தான் மாற்ற முடியும்.

பொகவந்தலாவையில் நடந்த கலந்துரையாடலில், நெடுங்கேணிப் பக்கம் நீண்ட காலம் இருந்த ஒரு பெரியவர், நான் படம் காட்டி விளக்கி முடித்ததும் எழும்பி, “இந்தா புள்ள, இவ்வளவெல்லாம் வேணாம். காட்டுக்குள்ள நாங்க பேசிக்கிட்டே போவோம். பேச ஆளில்லேன்னா கத்திப் புடியால மரத்துல தட்டிக்கிட்டே போவோம். கரடி அது பாட்டுக்குப் போயிரும்” என்றார். என்னுடைய பதினைந்து படத்தையும்விட அந்த மூன்று வசனம் தெளிவாக இருந்தது. மூன்று நாலு பேராகச் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு, திறந்த பாதையில் போங்கள். வளைவு, பற்றை நெருக்கம், ஆற்றோரம், காற்று எதிர்முகமாக வீசும் இடம் இவற்றில் சத்தத்தைக் கூட்டுங்கள். எதிர்க்காற்றில் உங்கள் வாடை கரடிக்குப் போகாது, தண்ணீர் ஓடும் இடத்தில் உங்கள் பேச்சும் போகாது. காதில் இயர்போன் போட்டுக்கொண்டு போகும் இளம் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். கரடிக்கும் கேட்காமல் நமக்கும் கேட்காமல் போவது அது.

ஒருவர் பின்னால் தங்கிவிட வேண்டாம். விறகு பொறுக்கும்போது கூட்டம் தானாகப் பிரிந்துவிடும். குனிந்தபடி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். கொழுந்து மலையில் நிரை பிடித்து எடுப்பது போல, பக்கத்து ஆள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நில்லுங்கள். அந்தப் பழக்கம் நம்மவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டுக்குள் பல இடத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது.

நாய் வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்து நாயைக் கூட்டிப் போவார்கள். அது பற்றைக்குள் போய்க் கரடியைக் குரைத்துக் கிளப்பிவிட்டு, துரத்தினதும் நேரே எஜமானிடம் ஓடிவரும். பின்னால் கரடியும் வரும்.

எதிரே கண்டால்

தூரத்தில் கரடி இருக்கிறது, அது உங்களைக் கவனிக்கவில்லை என்றால், சத்தம் போடாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். இதுவரை சத்தம் போடச் சொன்னீர்களே என்று கேட்கலாம். சத்தம் அதற்கு முன்கூட்டியே தெரிவிப்பதற்கு. கண்ட பிறகு கத்திக் கலைக்கப் போவது வேறு. கல்லெறிவது, படம் பிடிப்பது, குட்டியைப் பார்க்கக் கிட்டே போவது எதுவும் வேண்டாம். தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு போகும். அந்தக் காட்சி அழகாக இருக்கும். அந்தக் கரடிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

அது உங்களைக் கவனித்துவிட்டது என்றால் அசையாமல் நில்லுங்கள். கூட்டமாக இருந்தால் ஒருவரோடு ஒருவர் ஒட்டி நில்லுங்கள், பிள்ளைகள் நடுவில். கரடி பின்காலில் எழும்பி நின்றால் பயப்பட வேண்டாம். அது மோப்பம் பிடித்து, என்ன இது என்று பார்க்கிறது. தாழ்ந்த குரலில் பேசியபடி, முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, மெதுவாகப் பின்னால் அடியெடுத்து வையுங்கள். முதுகைக் காட்டி ஓடாதீர்கள். பார்க்கத் தள்ளாடி நடப்பது போல் இருந்தாலும் கரடி மனிதனைவிட வேகமாக ஓடும்.

ஒரு தங்கச்சி கேட்டாள்: “அக்கா, மரத்துல ஏறிட்டா?” ஏறக்கூடாது. தேனுக்கும் பழத்துக்கும் தினமும் மரம் ஏறுகிற மிருகம் அது.

சில நேரம் கரடி உறுமிக்கொண்டு பாய்ந்து வந்து, கிட்டே வந்ததும் நின்று திரும்பிவிடும். அந்தச் சில விநாடி ஓடாமல் நிற்பது மிகவும் கஷ்டம். கூட ஆள் இருந்தால் எல்லாரும் சேர்ந்து நின்று பெரிதாகச் சத்தம் போடுங்கள்.

நிற்காமல் மேலே விழுந்துவிட்டால், முகத்தையும் கழுத்தையும் காப்பாற்றுவதுதான் வேலை. குப்புறப் படுங்கள். விரல்களைக் கோத்துப் பிடரியைப் பொத்துங்கள், முழங்கை இரண்டாலும் முகத்தின் இரண்டு பக்கத்தையும் மறையுங்கள், நெற்றியை மண்ணோடு அழுத்துங்கள். கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் புரட்டுவது அதற்குக் கஷ்டம். புரட்டினால் உருண்டு மறுபடி குப்புற வாருங்கள். முதுகில் பையோ சாக்கோ இருந்தால் கழற்ற வேண்டாம், அது கவசம். கரடியின் தாக்குதல் பெரும்பாலும் நீளாது; எதிர்ப்பு நின்றதும் விட்டுவிட்டுப் போகும். போய்விட்டது என்று உடனே எழும்பாதீர்கள். சத்தம் முழுவதும் ஓய்ந்து, அது நன்றாகத் தூரம் போகும் வரை அப்படியே கிடவுங்கள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த கதை ஒன்று உண்டு. இரண்டு நண்பர்கள், ஒருவன் மரத்தில் ஏறிவிட, மற்றவன் மூச்சை அடக்கிப் பிணம் போல் கிடக்க, கரடி காதில் முகர்ந்துவிட்டுப் போகும். அந்தக் கதையில் பாதி சரி. அசையாமல் கிடப்பது சரி. மல்லாந்து கிடப்பதாகத்தான் படம் போட்டிருப்பார்கள், அது தவறு. முகம் மேலே இருக்கவே கூடாது. மரத்தில் ஏறினவன் தப்பியதும் கதையில் மட்டும்தான்.

கோடரியால் வெட்டித் தப்பிய ஆட்களின் கதைகளையும் வன்னியில் கேட்பீர்கள். கூட்டத்தில் ஒருவரைக் கரடி பிடித்துவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கூச்சலிட்டுத் தடியால் நிலத்தில் அடித்து அதை விரட்டப் பார்க்கலாம். கீழே அகப்பட்டுக்கொண்ட ஆள் தனியாக மல்லுக்கட்டும்போது, திறந்திருப்பது அவருடைய முகம். அதனால் எங்கள் ஆலோசனை குப்புறப் படுப்பதுதான்.

காயப்பட்டால்

தலையிலிருந்து இரத்தம் நிறைய வரும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்துங்கள். முகத்தில் காயம் என்றால், நினைவோடு இருப்பவரை உட்கார வைத்து முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் இரத்தம் தொண்டைக்குள் போகும். நினைவில்லாதவரைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். கண்ணில் அடிபட்டிருந்தால் அழுத்தாமல், ஒரு கோப்பையால் மூடிக் கட்டுங்கள். கோப்பித் தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் போடக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காட்டுப் பாதைக்குள் அது வர முடியாது, பிரதான வீதிவரை நீங்கள் கொண்டுவர வேண்டும். எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

சின்னக் கீறல்தானே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பு ஊசியும், விசர்நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியும் தேவையா என்று டொக்டர் தீர்மானிப்பார். கரடியும் விசர்நோயைக் கொண்டுவரலாம். ஆஸ்பத்திரித் துண்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பொலிஸில் ஒரு முறைப்பாடு பதிவு செய்யுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். நட்டஈடு கேட்கும்போது இவை எல்லாம் தேவைப்படும். விண்ணப்பிப்பது எப்படி என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கரடி முகத்தில் கீறியவர்கள், காயம் ஆறிய பிறகும் வெளியே வருவதில்லை. கலியாணம், கோயில், கடை எங்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார்கள். புதிதாகத் திரும்பிய ஊரில், உறவு இன்னும் ஒட்டாத இடத்தில், இது இன்னும் கடினம். முகத்தைச் சீரமைக்கும் சத்திரசிகிச்சை அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் காசில்லாமல் செய்கிறார்கள். ஒரே தடவையில் முடியாது, பல தடவை போகவேண்டி வரும். கிளினிக் கடிதம் கேட்டு வாங்குங்கள், பஸ் காசு இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள், எங்கள் கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வது அயலவர்களின் பொறுப்பு.

சுருக்கும் துவக்கும்

கரடியைக் கொன்றுவிட்டால் தொல்லை இல்லை என்று சொல்பவர்கள் இருப்பார்கள். 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. இலங்கை முழுவதிலும் ஆயிரத்துக்கு மேல் இருக்காது என்றுதான் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். சட்டத்தை விடுங்கள். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் யார் மாட்டுவார் என்பதை வைத்தவர் தீர்மானிக்க முடியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், இங்கிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது நினைவிருக்கும். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் மூன்றாம் நாள் செத்துவிட்டது. கரடி மாட்டினால், அவிழ்க்கப் போகிறவரையோ, தெரியாமல் அந்தப் பக்கம் போகிற விறகுக்காரரையோ அது விடாது. கட்டுத்துவக்கு கரடிக்கும் மனிதருக்கும் வித்தியாசம் பார்க்காமல் வெடிக்கும். காணியோரம் கம்பியோ துவக்கோ கட்டியிருப்பதைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள்.

யானையைப் பற்றி இங்கே சொல்லவில்லை, அதற்குத் தனிப் பாடம் இருக்கிறது. அதையும் வாசித்துவிட்டே போங்கள். வன்னியில் யானையால் சாவு அதிகம்.

லொறியில் சாமான் ஏற்றுமுன் ஒரு நாள் பின்னேரம், பிள்ளைகளை லயத்து வாசலில் வைத்து இதைப் பழக்குங்கள். ஒருவர் கரடியாக வரட்டும். “கரடி” என்றதும் ஓடாமல் நிற்க வேண்டும், ஒட்டிக்கொள்ள வேண்டும், பின்னால் அடியெடுத்து வைக்க வேண்டும். “விழுந்துட்டுது” என்றதும் குப்புறப் படுத்துப் பிடரியைப் பொத்த வேண்டும். முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாலாம் தடவையில் கை தானாகப் பிடரிக்குப் போகும். பாட்டிமாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விறகுக்குப் போவது பெரும்பாலும் அவர்கள்தான்.